பால் அறைக்குக் காவல்

பத்து மணித் தேநீர் மணி அடித்ததும் ஷியூ-ஜின் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுவார். பால் அறைக் கதவில் 'உள்ளே ஆள் இருக்கிறது' என்ற பலகையை மாட்டுவார், உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்வார். பிறகு தர்பூசணி விதை கொறிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அக்காவுக்கு வயது ஐம்பத்தாறு.

லூகாங்கில் தண்ணீர்க் குழாய் செய்யும் எங்கள் தொழிற்சாலையில், கசிவு பார்க்கும் வரிசைக்கு அக்காதான் தலைவி. அவர் வாய்க்குப் பயந்து குழாய்களே ஒழுகுவதில்லை என்பார்கள். பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பும் பெண்கள் பாலெடுத்து வைக்க ஒதுக்கியதுதான் அந்தச் சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு திரை, ஒரு குட்டிக் குளிர்பெட்டி. சில மாதமாக அது சும்மா கிடந்ததால் மேலாளரின் கண் அதன்மேல் விழுந்தது. அவருக்கு அட்டைப்பெட்டி அடுக்க இடம் வேண்டும்.

யீ-ஷான் பிரசவ விடுப்பில் இருந்தாள். அவள் திரும்புவதற்குள் பெட்டிகள் உள்ளே போய்விட்டால் பிறகு வெளியே வராது. அக்காவுக்கு அந்தக் கவலைதான்.

"நான் கக்கூஸ்ல நின்னு பாலப் பீச்சிக் கொட்டினவ. வீட்ல புள்ள பசிச்சு அழுதான். இவளும் அப்படி நிக்கணுமா?" என்பார். சொல்லும்போது மட்டும் அந்த முகத்தில் சிரிப்பு இருக்காது.

ஒருநாள் மேலாளர் கதவைத் தட்டியே விட்டார்.

"உள்ள யாரு?"

"நான்தான் சார்."

"உங்க பையனுக்கு என்ன வயசு ஆகுதுக்கா?"

"முப்பத்தொண்ணு. இன்னும் பால் குடிக்கிறான் சார். கடையில வாங்கி."

மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டிகள் சைக்கிள் கொட்டகைக்குப் போயின.

அக்கா பயப்படுவது மூன்றாம் இயந்திரத்துக்கு மட்டும்தான். எங்கள் ஊரில் இயந்திரம் முரண்டு பிடிக்காமலிருக்க அதன் தலையில், முன்பக்கம் 'சமர்த்தாயிரு' என்று எழுதிய சோளப்பொரிப் பொட்டலம் வைப்பது வழக்கம். பச்சை விளக்கு மாதிரி 'ஓடு' என்று சொல்லும் பச்சைப் பொட்டலமாக இருக்க வேண்டும். புதிதாக வந்த ஒருவன் மஞ்சளை வைத்துவிட்டான், மூன்றாம் இயந்திரம் மத்தியானம் முழுக்க நின்றுபோனது. அன்று அக்கா தன் கையால் வைத்த பச்சைப் பொட்டலத்தைத் தூசி தட்டக்கூட யாரும் தொடுவதில்லை.

யீ-ஷான் ஒரு திங்கட்கிழமை திரும்பி வந்தாள். அவள் பாலெடுக்கப் போன நேரம் அவள் இடத்தில் அக்காவே உட்கார்ந்து குழாய் பார்த்தார், வரிசை நிற்கவில்லை. திரும்பி வந்தவளின் முகம் தொங்கிப்போயிருந்தது. கையிலிருந்த பால் சேமிக்கும் பையின் அடியில் கொஞ்சம்போலப் பால்.

"இவ்ளோதான்கா. பால் ஊறணும்னு மாமியார் தினம் பன்றிக்கால் சூப் வெச்சுக் குடுத்தும் இவ்ளோதான். நாளைலேருந்து மாவுப்பாலே குடுத்துடறேன்."

"புதுக் குழாயத் தொறந்தா மொதல்ல காத்துதானடி வரும்? அதுக்குன்னு குழாயவா தூக்கிப் போடுறோம்? நாளைக்கும் வந்து உக்காரு."

யீ-ஷான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

அக்கா அந்தப் பையை வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்தார். பிறகு நேராக மூன்றாம் இயந்திரத்திடம் போனார். வரிசை மொத்தமும் வேலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, அதன் தலையிலிருந்த பச்சைப் பொட்டலத்தை எடுத்துவந்து, முன்பக்கம் தெரிகிற மாதிரி குளிர்பெட்டியின்மேல் வைத்தார்.