மார்டள்ளிக்குப் போகாத டீச்சர்

பள்ளிக்கூடம் என்பது தேசம் போடும் முதலீடு என்று அப்பா காப்பி குடிக்கும்போதெல்லாம் சொல்வார். சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மைசூரில் ஒரு அரசு அலுவலகத்தில் அவருக்கு வேலை. ஜனங்கள் படித்தால்தான் தொழிற்சாலை வரும், தொழிற்சாலை வந்தால்தான் சோறு வரும் என்பார். கேட்கக் கேட்க எனக்கு உடம்பு சிலிர்க்கும். அரசாங்கமே செலவழித்து எனக்கு ஆசிரியர் பயிற்சி கொடுத்தபோது, அந்த முதலீட்டில் நானும் சேர்த்தி என்று நிஜமாகவே நம்பினேன்.

அப்புறம் மாநில எல்லைகள் மாறி, கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்க் கிராமங்கள் எங்கள் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஆசிரியர்களுக்கு மைசூரில் பஞ்சம். மார்டள்ளியில் புதிதாகக் கட்டிய பள்ளிக்கு என்னைப் போட்டார்கள். நான் அன்றே டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்தேன்.

"காட்டு ஊர்லே தனியா ஒரு பொண்ணா? யாராத்துலே சாப்பிடுவே? அதெல்லாம் வேண்டாம்" என்றார் அப்பா.

"அப்போ எதுக்கு என்னைப் படிக்க வெச்சேள்?"

"டிரெயினிங் ஆன பொண்ணுன்னா நல்ல இடமா வரும்."

வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் படிப்பை மெச்சிவிட்டு, புளியோதரை பண்ணத் தெரியுமா என்று கேட்டார்கள். அதற்கு எந்த அரசாங்கமும் எனக்குப் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து, என் புகுந்த வீட்டுக் கிணற்றில் தூர் எடுக்க ஒருவர் வந்தார். மார்டள்ளிக்காரர். அன்று அப்பாவும் எங்களைப் பார்க்க வந்திருந்தார். ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவருக்குப் பேச்சு பொங்கிவிட்டது.

"கவர்மெண்ட் இவ்வளவு கொட்டறது. நீங்க பசங்களைப் பள்ளிக்கு அனுப்பினாத்தானே தேசம் உருப்படும்?"

"அனுப்பாம என்னங்க? பெஞ்சு வந்துச்சு, போர்டு வந்துச்சு. டீச்சரம்மா வருவாங்கன்னாங்க, வரவே இல்லீங்க. எம்புள்ள தெனமும் தலை சீவிட்டுப் போயி வாசல்ல நின்னுட்டு வரும். இப்ப அங்க ராகி மூட்டை அடுக்கியிருக்குதுங்க."

அப்பா கையிலிருந்த காப்பித் தம்ளருக்குள் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த டீச்சர் நான்தான். இவர்தான் போகக் கூடாதுன்னுட்டார்" என்றேன்.

கிணற்றுக்காரர் கோபிப்பார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் சேற்றுக் காலோடு சட்டென்று எழுந்து, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வணக்கமுங்க டீச்சர்" என்றார்.

என்னை அப்படிக் கூப்பிட்டது இந்த ஜன்மத்தில் அவர் ஒருவர்தான்.