ஆயுத பூஜைக்கு நிறுத்திய ப்ளோயர்

பல்லடம் தாண்டி ஒரு சின்ன ஊர். அந்த ஊரின் சாக்கடைத் தண்ணீர் முழுக்க வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையத்தில் நான் ஆபரேட்டர். என்ன வேலை என்று டீக்கடையில் கேட்பார்கள். சொன்னதும் பேச்சு நின்றுவிடும். ஈ காக்கை எட்டிப் பார்க்காது என்று சொல்ல முடியாது, ஈயும் காக்கையும் நிறையவே வரும். மனுஷர்தான் வருவதில்லை. மனைவியும் மகளும் திருநெல்வேலிப் பக்கம். என் குரலை நானே கேட்காமல் பொழுது சாய்ந்த நாட்கள் உண்டு.

தவறாமல் வந்தது ஒரே ஒரு ஆள், வேலிக்கு அந்தப்பக்கத்துத் தோட்டத்து அக்கா. கிணறு வற்றிய பூமி. நான் தெளிய வைத்து அனுப்பும் தண்ணீரில்தான் அவருக்கு மாட்டுப்புல் விளைந்தது. அந்தப் புல்லில் நான்கு மாடுகள். காலையில் வால்வைத் திறக்க வருவார், பத்து நிமிஷம் நின்று பேசுவார். "ஏனுங்க, சோறு உண்டாச்சுங்களா? புள்ளை போன் பண்ணுச்சுங்களா?" அந்தப் பத்து நிமிஷத்தை வைத்துத்தான் மீதி நாளை ஓட்டினேன்.

தொட்டிக்குள் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். அவற்றுக்கு மூச்சு கொடுப்பது ப்ளோயர் என்கிற காற்றடிக்கும் மிஷின். அதை நிறுத்தவே கூடாது என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். ஆனால் எனக்கு, இங்கே வருமுன் வேலை பார்த்த பன்னிரண்டு வருஷத்துப் பனியன் கம்பெனிப் புத்தி. ஆயுத பூஜையன்று மிஷினை ஓட்டுகிறவன் அங்கே பாவி. துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, இரண்டு நாள் சும்மா விடவேண்டும். அப்படியே செய்தேன். ப்ளோயருக்கு மாலை வேறு. மாற்று ஆளும் லீவில் போய்விட்டார். உண்மையைச் சொன்னால், பக்தி பாதிதான். மகளைப் பார்க்கிற ஆசையில் சுவிட்சை அணைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

மூன்றாம் நாள் காலை, கேட்டுக்கு வெளியிலேயே அழுகிய முட்டை நாற்றம். தொட்டி கறுத்துக் கிடந்தது. உள்ளே வேலை செய்தவற்றின் கழுத்தை நெரித்துவிட்டு மிஷினுக்குப் பொட்டு வைத்த அறிவாளி நான்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அக்கா வந்தார். தண்ணீரைப் பார்த்தார். திறந்த வால்வை மூடினார்.

"இதைப் புல்லுக்கு உட்டா மாடு வாய் வெக்காதுங்க. எப்பத் தெளியுமுங்க?"

"ஒரு வாரத்துல தெளிஞ்சிரும்க்கா," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "புதுக் கிருமி வளர சாணியக் கரைச்சு ஊத்தணும். கொஞ்சம் தருவியளா?"

கேட்க வெட்கமாக இருந்தது. அவர் தினமும் இரண்டு கூடை சுமந்துவந்து வேலியோரம் வைத்தார். நின்று பேசுவதை மட்டும் விட்டுவிட்டார். நான் கரைத்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். அந்த ஐப்பசியில் மழையும் ஏமாற்றியது. ஒரு வாரம் இரண்டாகி, மூன்றானது. புல் கருகுவது வேலி வழியாகவே தெரிந்தது. ஒருநாள் கூடை வரவில்லை, மறுநாளும் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு ஐந்தாறு நாள் கழித்துத் தண்ணீர் தெளிந்தது. கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன். அந்தப்பக்கத்து மரம் தெரிந்தது. இனி அக்கா வருவார் என்ற சந்தோஷத்தில் டம்ளரோடு அவர் வீட்டுக்கே ஓடினேன்.

கட்டுத்தறி காலியாக இருந்தது. நான்கு கயிறுகளும் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தன.

"நல்லாத் தெளிஞ்சிருக்குதுங்க," என்றார் டம்ளரை வாங்கிப் பார்த்து. "மாட்டைத்தானுங்க போன வாரம் சந்தையில குடுத்துட்டேன். தீவனமில்லாம நிக்கறதைக் கண்ணுல பாக்க முடியலீங்க."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"வெயில்ல வந்திருக்கறீங்க, உக்காருங்க," என்று உள்ளே போனவர், போன வேகத்தில் திரும்பி வந்து, "பாலில்லீங்க, வரக்காப்பி குடிப்பீங்களா?" என்று கேட்டார்.