ஓட்டக் கிடைக்காத எட்டு மணி நேரம்

அவர் கார் எலக்ட்ரீசியன். பட்டறையில் யாரோ கைவிட்டுப் போன பழைய டர்போ காரை எட்டு மணி நேரப் பந்தயத்தில் ஓட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவரும் தங்கையும் இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கே கொடுத்தார்கள். பின்சீட்டையும் ஏசியையும் கழற்றி எடையைக் குறைத்தார்கள். ஆனாலும் வேகமெடுத்தால் போதும், டர்போ காற்றை அளவுக்கு மீறி அழுத்துகிறது என்று காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும்.

"அண்ணி மாதிரியே கண்டிஷன் போடுதுண்ணே," என்று தங்கை சிரிப்பாள்.

கடைசியில் டர்போவின் அழுத்தத்தைக் குறைத்து வைத்தார். வேகம் கொஞ்சம் போனாலும் பெட்ரோல் நிற்காது, எஞ்சினும் தாங்கும்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கையில், ஓட்டுபவர்களுக்கான கண் பரிசோதனைக்குப் போனார். பக்கவாட்டுப் பார்வை பாதி போய்விட்டது, இனித் திரும்பாது என்றார் டாக்டர்.

"நீயும் மாப்பிள்ளையும் ஓட்டுங்கம்மா," என்றார் தங்கையிடம்.

"நீ இல்லாம எதுக்குண்ணே? வேண்டாம், விட்டுடலாம்."

"வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

தங்கையும் அவள் கணவனும் மாறி மாறி ஓட்டினார்கள். கார் ஒருமுறைகூடப் பழுதாகி நிற்கவில்லை. இருபத்தாறில் பத்தொன்பதாவதாக வந்தது. எல்லோரும் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அவரும் சிரித்தார்.

கூட்டம் கலைந்ததும், சூடு ஆறாத காரில் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தங்கை பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தப் பெரிய வளைவு எப்படிம்மா இருந்துச்சு?"

"இறக்கத்துல வரும்ணே. முதல்ல மெதுவா வலது பக்கம் திரும்பணும்..."

அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டீயரிங்கை மெல்ல வலது பக்கம் திருப்பினார். தங்கை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள்.