நாற்காலி வட்டம் எந்த நாட்டுடையது?

சிட்ஸ்கேக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று நெதர்லாந்தின் ஹில்வெர்சம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்த கோபம் நூற்றுக்கு நூறு நியாயமானது.

இருபத்திரண்டு வருடம் அவள் அங்கே ஒரு தொலைக்காட்சிக் கம்பெனியில் விதிப் புத்தகம் எழுதினாள். ஒரு நிகழ்ச்சியை வெளிநாட்டுக்கு விற்றால் கூடவே அந்தப் புத்தகமும் போகும். நாற்காலி என்ன உயரம், விளக்கு எப்போது அணைய வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். 'நாற்காலி வட்டம்' என்ற நிகழ்ச்சி அவள் வீட்டுக் கூடத்திலேயே பிறந்தது. அந்த நாட்டில் பிறந்த நாள் விருந்துக்கு வருகிறவர்கள், பிறந்த நாள்காரருக்கு மட்டுமில்லாமல் வட்டமாக உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர் எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்துவார்கள். அவளுடைய நாற்பதாவது பிறந்த நாளுக்கு, வட்டமாக உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கைகொடுத்து வாழ்த்திவிட்டு, கேக்கும் தின்றுவிட்டுப் போனான் ஒருவன். யாரென்று பார்த்தால், வீடு மாறி வந்தவன்! மறுநாள் ஆபீசில் காபி குடிக்கும்போது அதை ஒரு விளையாட்டாகவே சொன்னாள்: பத்துச் சொந்தக்காரரில் ஒருவன் போலி, கைகொடுத்தே கண்டுபிடிக்க வேண்டும். முதலாளி அதை முப்பது நாட்டுக்கு விற்றார். நூற்றெண்பது பக்கப் புத்தகத்தில் இவள் பெயர் ஒரு மூலையிலும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காபிக் கடையில் வினாடி வினா. எந்த நிகழ்ச்சி எந்த நாட்டுடையது என்று சொல்ல வேண்டும். மைக்கைப் பிடித்திருந்தவன் யூப், கடைக்காரரின் மருமகன்.

"நாற்காலி வட்டம்... அமெரிக்கா!" என்று விடைத்தாளைப் பார்த்துப் படித்தான்.

"என்னது?" சிட்ஸ்கே எழுந்துவிட்டாள். "எந்த அமெரிக்காக்காரன்டா பொறந்த நாள்காரியோட நாத்தனாருக்கும் கைகுடுத்து வாழ்த்து சொல்றான்?"

"ஏம்மா, தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு."

"தாள்ல போட்டா வேதமா?"

"ஒரு மார்க்குக்கு ஏம்மா இந்தக் கத்து கத்துற? உட்காரு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் பொரித்த இறைச்சி உருண்டையைக் கடுகுச் சாஸில் தொட்டுக்கொண்டிருந்த அண்ணி ரியாவின் தோளைப் பிடித்தாள்.

"எல்லாரும் கேளுங்க! இன்னிக்கு எங்க அண்ணிக்குப் பொறந்த நாள்!"

ரியா பிறந்தது மார்ச்சில். இது அக்டோபர். வாயில் உருண்டையோடு அவள் திருதிருவென்று விழித்தாள்.

கடையே எழுந்துவிட்டது. ரியாவுக்குக் கைகொடுத்தார்கள், சிட்ஸ்கேக்குக் கொடுத்தார்கள், பக்கத்து மேசைக்காரர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். யூப்பும் மைக்கை வைத்துவிட்டு ஓடி வந்தான்.

"வாழ்த்துகள், உங்க அண்ணிக்குப் பொறந்த நாளாமே!"

சிட்ஸ்கே அந்தக் கையை விடவில்லை. "பொறந்தது அவ. எனக்கு எதுக்குடா கைகுடுக்கற? இப்பச் சொல்லு, இது எந்த நாட்டு வழக்கம்?"

யூப்பின் முகம் தொங்கிப்போனது. "சரி, சரி. நம்ம நாடுதான். மார்க் போட்டுடறேன்."

"மார்க்கை நீயே வெச்சுக்க. கண்டுபிடிச்சது யாருன்னு மைக்ல சொல்லு."

"யாரு?"

இத்தனை வருடத்தில் அவளிடம் அதை யாரும் கேட்டதே இல்லை.

"நான்தான்டா. சிட்ஸ்கே ஹூக்ஸ்ட்ரா."

யூப் அதை அப்படியே மைக்கில் சொன்னான். உட்காரப் போனவர்கள் மறுபடி எழுந்து வந்தார்கள்.

"இத்தனை வருஷம் எங்கடா போயிருந்தீங்க?" என்று திட்டிக்கொண்டே அவள் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தாள். பிறகு அவர்கள் ரியாவிடம் போய், அவளுக்கும் கைகொடுத்தார்கள், நாத்தனாருக்காக.