எட்டாவது தோள்

ஞாயிறு காலை 7.40. ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே வேன் புறப்பட்டது. தலைக்கு 180 ரிங்கிட், மதியச் சாப்பாடு உட்பட. குடியேறிகள் வாழ்ந்து, இப்போது ஆள் குறைந்துவரும் ஊர்களைக் காட்டும் சுற்றுலா. பயணிகள் பதினொரு பேர், பெரும்பாலும் வெளிநாட்டு முதியவர்கள். முந்தைய நாள் அவர்கள் பினாங்கில் யூதர் கல்லறையைப் பார்த்திருந்தார்கள். நான் இன்று மட்டும் சேர்ந்துகொண்டேன். வேனில் நான் ஒருவனே தமிழன்.

பக்கத்து இருக்கையில் ஆரோன், ஆஸ்திரேலிய யூதர், கைத்தடியோடு. அவர் பிறந்த சிற்றூரில் கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும். ஒன்பது பேர்தான் இருந்தார்களாம். அப்பா தெருவில் நின்று பத்தாமவரைத் தேடுவார். அகப்படுபவர் பெரும்பாலும் முடிதிருத்துபவர். கடவுள் நம்பிக்கையே இல்லாதவர். சட்டைப்பையில் சீப்போடு வந்து நிற்பாராம்.

8.15. கோப்பெங்கில் தேநீர். அங்கிருந்து உள்ளே ஒன்பது கிலோமீட்டரில் பழைய ரப்பர் தோட்டம். பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நான்கு குடும்பங்கள் மிச்சம்.

மாரியம்மன் கோயில் வாசலில் மூங்கில் கட்டிய பல்லக்கு, அலங்காரத்தோடு, தரையில் இருந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சரஸ்வதி அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். வேனுக்குள் எட்டிப் பார்த்தவர் முகம் மாறியது.

"ஈப்போவுலேருந்து கூட்டம் வருதுன்னாங்க. நம்ம ஆளுங்கன்னு நெனச்சி இன்னைக்கே திருவிழாவ வெச்சிட்டோம்லா."

பல்லக்குக்கு எட்டுத் தோள் வேண்டும். ஆள் சேராமல் மூன்று வருடமாக அம்மன் வெளியே வரவில்லை. இப்போது ஏழு பேர் இருந்தார்கள்.

ஆரோனுக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். எத்தனை பேர் குறைகிறார்கள் என்று கேட்டார்.

"ஒருவர்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

முன்தண்டைப் பிடித்திருந்த பெரியவர் முனியாண்டி கூப்பிட்டார். "தம்பி, சட்டையக் கழட்டிட்டு வாங்க."

தோள்வலி என்றேன். அந்தத் தோளில் நான்கு கிலோ கேமராப் பை தொங்கியது. வந்து இறங்கியதுமே, என் தாத்தா இந்தத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர் என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். கணக்கு எழுதும் கிராணி குடும்பம் பங்களாப் பக்கம் நாற்காலி போட்டுத் திருவிழா பார்க்கும். எங்கள் வீட்டில் யாரும் சாமி தூக்கியதில்லை.

சரஸ்வதி அக்கா எனக்காகப் பரிந்து பேசினார். "விடுங்கண்ணே, கிராணி வீட்டுப் புள்ள. பழக்கமிருக்காது."

அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்தண்டின் கீழ் போய் நின்றார். பொம்பளை தூக்குவதா என்றார் முனியாண்டி.

"உள்ள இருக்கவளும் பொம்பளதானே லா. தூக்குங்க."

9.35. அம்மன் கிளம்பினாள். லயத்தைச் சுற்றி நானூறு அடி இருக்கும். பின்பக்கம் உயரம் குறைந்து பல்லக்கு சாய்ந்தே போனது. நான் நாற்பத்தொரு படம் எடுத்தேன்.

11.10க்கு வேன் புறப்பட்டபோது சரஸ்வதி அக்கா சன்னல் வழியே சர்க்கரைப்பொங்கல் பொட்டலம் ஒன்றை என்னிடம் கொடுத்தார். தோளுக்குத் தைலம் தேய்க்கச் சொன்னார். அவருடைய ரவிக்கைத் தோளில் மூங்கில் அழுக்கு கோடாகப் பதிந்திருந்தது.

ஈப்போவில் எங்கள் கோயில் தேரை டிராக்டர் இழுக்கிறது. வருடா வருடம் முன்னால் நடந்து வருகிறேன். அங்கே யாரும் என்னிடம் தோள் கேட்டதில்லை; அதனால் நானும் பக்தன் என்றே நம்பி இருந்துவிட்டேன்.