மூன்று இறங்கியது: பூனாவிலிருந்து மாட்டுங்காவுக்கு ஒரு பதற்றப் பயணம்

சுதந்திரம் வந்த மறுவருஷம், ஒரு வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் பூனாவில் என் வீட்டுக் கதவைத் தந்திச் சேவகன் தட்டினான். "புது கேலரி மூன்று இறங்கியது. உடனே வரவும்."

பம்பாயில் மாட்டுங்கா பக்கம் ஒரு கிளப் மைதானம். அதன் பழைய கேலரியைப் பெரிதாக்கும் வேலை. தூண்களைத் தடிப்பாக்கி, பின்பக்கமாக உத்திரங்களை நீட்டி, மேலே ஐந்து வரிசை சேர்த்திருந்தோம். எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டவன் நான். ஆட்களுக்குப் பதில் மணல் மூட்டைகளை ஏற்றி ஒரு நாள் விட்டுவைத்து, உத்திரத்தின் நுனி எவ்வளவு தாழ்கிறது என்று பார்ப்பதாக ஏற்பாடு. அரை அங்குலம் வரை பாதகமில்லை. மூன்று அங்குலம் என்றால் இடிக்க வேண்டியதுதான். ஞாயிறன்று அங்கே ஜனங்கள் உட்காருவதாக இருந்தது.

ஏழே காலுக்கு ரயில். தாதர் வரை சுமார் நூற்றுப் பதினான்கு மைல். ஜன்னலோர இடம் கிடைத்து என்ன பிரயோசனம்? கண்டாலா மலையைப் பெட்டியே வாயைப் பிளந்து பார்த்தது; நான் மடியிலிருந்த நோட்டில் எங்கே கோட்டை விட்டேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். தப்பு அகப்படவில்லை. அதுவே பயத்தை இன்னும் கிளப்பியது.

பதினொரு மணிக்குத் தாதர். விக்டோரியா வண்டிக்குப் பத்தணா பேசி ஏறினேன். வழியெல்லாம் விரட்டியிருப்பேன் போலிருக்கிறது. "ஸாப், கோடா ஹை, மோட்டார் நஹீ" என்றான் வண்டிக்காரன். குதிரைதான், ஒப்புக்கொள்கிறேன்.

கேலரி நின்றுகொண்டிருந்தது. அதற்கு நேர் அடியில், நிழலில் உட்கார்ந்து, தாராவியிலிருந்து வரும் எங்கள் மேஸ்திரி சுடலைமுத்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, வெளியே வாங்க! தலைமேல விழப் போகுது!"

"என்னய்யா இப்படிப் பதறுதிய? மூணு நூலுதான இறங்கிருக்கு!"

நூல்! கொத்தனார் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். மூன்று நூல் அரை அங்குலத்துக்கும் உள்ளேதான்.

தந்தி கொடுத்த குமாஸ்தா விசுவநாதன் ஓடிவந்தார். "மேஸ்திரி மூணுன்னுதான் சொன்னார், ஸார். அப்படியே அடிச்சுட்டேன்."

"கொத்தன் மூணுன்னா நூலுதானய்யா! அங்குலமா இறங்கிருந்தா தந்தி எதுக்கு? நான் திருநெல்வேலிக்கு ரயில் ஏறிருப்பம்லா!"

உடனே வரச் சொன்னது, மூட்டைகளை இறக்க என் கையெழுத்து வேண்டும் என்பதற்காகவாம். அப்படியே சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணில் தண்ணீரும்.

நாலு மணிக்குள் மூட்டைகள் இறங்கின. அரை நூல் போக மீதியெல்லாம் உத்திரம் பழையபடி மேலே ஏறிவிட்டது. நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, "இப்போ எவ்வளவு?" என்று கத்தினேன்.

கீழே அளவுகோலைப் பார்த்துவிட்டு மேஸ்திரி சொன்னார்: "நீங்க உக்காந்தது அதுக்குத் தெரியவே இல்லய்யா!"

இந்த வழியில் போகிறவர்களுக்கு: காலை ரயிலே சௌகரியம். வண்டிக்காரனிடம் முதலிலேயே கூலி பேசிவிடுங்கள். தந்தியில் எண்ணை எழுதினால் பக்கத்தில் அளவையும் எழுதுங்கள். ஒரே ஒரு வார்த்தைதான் கூடும்.

மறுநாள் திரும்பும்போதும் ஜன்னலோர இடம் கிடைத்தது. கண்டாலா நன்றாகத்தான் இருக்கிறது.