சூடம் அணைக்காத சத்தியம்

பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வண்டி ஓட்டப் போனவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். என்னோடு படித்தவர்கள் வாத்தியார்களாகவும் குமாஸ்தாக்களாகவும் போனார்கள். எனக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் கோபம் வரும். மாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தால் வராது. மாமனார் கொடுத்த இரண்டு மாடுகளையும் ஒரு கூண்டு வண்டியையும் வைத்துக்கொண்டு திருநெல்வேலி ரயிலடி வண்டிப்பேட்டையில் போய் நின்றேன். அங்கே கிறிஸ்தவன் நான் ஒருத்தன். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, அந்த ஆனி மாதம் வரைக்கும்.

அந்த ஆண்டுதான் நகரசபையில் வண்டி வரி என்று ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தார்கள். மாட்டு வண்டி, குதிரை வண்டி, புதிதாக வந்திருந்த மோட்டார் கார், எல்லாவற்றுக்கும் வரி. கட்டினவன் வண்டியில் ஒரு தகரம் அடிப்பார்கள். தகரமில்லாத வண்டி ஊருக்குள் ஓடக்கூடாது. கார் வைத்திருந்தவர் ஒரே ஒரு ஜமீன்தார். அவருக்கு அது வெற்றிலைச் செலவு. எனக்கு வைக்கோலும் பருத்திக்கொட்டையும் போக மிஞ்சுவதே கொஞ்சம். வரி வந்தால் வண்டியை விற்றுவிட்டு, தப்பித்து ஓடிவந்த நாற்காலிக்கே திரும்ப வேண்டியதுதான். என் மனைவி அதற்குள் என் பழைய கோட்டை எடுத்து வெயிலில் காயப்போட்டுவிட்டாள்.

சபையில் தலைவர் பக்கம்தான் ஆள் பலம். எதிர்த்துப் பேச ஒரு வக்கீல் இருந்தார், சிந்துபூந்துறைக்காரர். கனத்த உடம்பு; வாதம் பிடித்த கால். வாசல்படி இறங்கவே ஒரு ஆள் தாங்க வேண்டும். குரல் மட்டும் ஆற்றின் அக்கரை வரை கேட்கும். “ரோட்டைக் கெடுக்கிறது வண்டி மட்டும்தானா? மழைக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்புங்களேன்” என்று அவர் தலைவரைக் கேட்டதை நாங்கள் பேட்டையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பேசியதோடு நிற்காமல் மெம்பர்களின் வீடு வீடாக வண்டியில் போய்ச் சிலரைத் தன் பக்கம் இழுத்திருந்தார். ஒரு ஓட்டில்தான் இழுபறி என்று ஊரெல்லாம் பேச்சு.

அவருக்குத் துணையாக நாங்களும் ஏதாவது செய்ய வேண்டாமா? பேட்டையில் மூத்தவரான அண்ணாச்சி ஒரு யோசனை சொன்னார். ஓட்டெடுப்பு நாளில் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை ஒரு வண்டியும் ஓடக்கூடாது. வண்டிக்காரன் இல்லாவிட்டால் ஊர் என்ன ஆகும் என்று மெம்பர்கள் பார்க்கட்டும். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. பக்கத்து அம்மன் கோயில் வாசலில் தட்டில் சூடம் ஏற்றி, ஒவ்வொருவராக உள்ளங்கையால் அணைத்து, பொழுது அடையும்வரை மாட்டைப் பூட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்தார்கள். குதிரை வண்டிக்காரர்களும் செய்தார்கள். வக்கீலின் சொந்த வண்டிக்காரன் எல்லோரையும்விடச் சத்தமாகச் செய்தான்.

தட்டு என்னிடம் வந்தபோது நான் கையைக் கட்டிக்கொண்டேன். “சூடம் அணைக்க மாட்டேன் அண்ணாச்சி. மாட்டைப் பூட்டவும் மாட்டேன். சொன்னாச் சொன்னதுதான்” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தட்டை நகர்த்தினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த நாள் வந்தது. ரயிலில் இறங்கியவர்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். கோர்ட்டுக் கச்சேரிக்குப் போகிறவர்கள் வியர்த்து வழிந்தார்கள். நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அனுபவித்துப் பார்த்தோம். மத்தியானம் வக்கீல் வீட்டு வேலைக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“ஐயா தலைப்பாவக் கட்டிக்கிட்டு வாசல்ல நிக்காக. வண்டி எங்கவே?”

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சபை கூடுவது டவுனில், இரண்டு மைல். வரி கேட்கிற மெம்பர்கள் டவுனிலேயே ரத வீதிகளில் குடியிருப்பவர்கள். சாப்பிட்டுவிட்டுப் பைய நடந்தே போய்விடுவார்கள். நடக்க முடியாத ஒரே மெம்பர் எங்கள் மெம்பர். ஊரையே நிறுத்திய கெட்டிக்காரர்கள், அவரையும் சேர்த்து நிறுத்தியிருந்தோம்.

அவருடைய வண்டிக்காரன் அழுதுவிட்டான். “அம்மன் முன்னால அணைச்ச கை. இப்பம் பூட்டுனா நான் வெளங்குவனா?”

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “ஏலே, நீதான் சூடம் அணைக்கலையே. ஒனக்கு ஒண்ணும் ஆகாது. நீ பூட்டு.”

எல்லோர் முகமும் தெளிந்தது. எனக்கு மட்டும் கோபம் தலைக்கேறியது. பூட்டினால் என் வண்டியும் பிழைக்கும், தெரியாமல் இல்லை. ஆனால் இத்தனை நாள் பக்கத்தில் நின்றவனின் சொல்லை இவர்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லையே.

“கை சுட்டாத்தான் சத்தியமா அண்ணாச்சி? என் வாயில வந்தது பேச்சில்லையா? நான் பூட்ட மாட்டேன்.”

“அப்ப வரி வரட்டுங்கியா?”

நான் போய் என் வண்டியின் நுகத்தடியைத் தூக்கி என் தோளில் வைத்தேன். “மாடு வேண்டாம். நான் இழுக்கேன். வாரவன் வாங்க.”

அண்ணாச்சி வந்து மறுபக்கத்து நுகத்தில் தோளைக் கொடுத்தார். வேறு சிலர் வடக்கயிறு கட்டினார்கள்.

வண்டி அவர் வாசலில் போய் நின்றதும் வக்கீல் ஏற மறுத்தார். “மனுசன் இழுக்க நான் ஒக்காரதா? என்னவே இது!”

“போன வாரம் தேர் இழுத்த கைதான்யா இது. தேரை விடவா நீங்க கனம்? ஏறுங்க, நேரமாவுது” என்றார் அண்ணாச்சி.

வழியில் பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். விஷயம் தெரிந்ததும் பலர் பின்னாலிருந்து தள்ளினார்கள். சபை வாசலில் நாங்கள் நுகத்தை இறக்கியபோது மெம்பர்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். வக்கீல் அன்று அதிகம் பேசவில்லையாம். வாசலைக் கைகாட்டி, “அதோ நிக்காங்க, பாத்துக்கிடுங்க” என்றாராம். வரி ஒரு ஓட்டில் தோற்றது. பின்னால் ஒரு வருஷம் அது வரத்தான் செய்தது. அதற்குள் எனக்கு இரண்டாவது வண்டி வந்துவிட்டது.

திரும்பும்போதும் ஆள் இழுக்கிற வண்டியில் ஏற மாட்டேன் என்று வக்கீல் பிடிவாதமாகச் சபைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிலர் பேட்டைக்குப் போய் என் மாடுகளைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார்கள். தெருவிளக்குக்காரன் ஏணியோடு வந்து முதல் விளக்கை ஏற்றினான். எல்லோருடைய சத்தியமும் முடிந்தது. ஆனாலும் யாரும் மாட்டைத் தொடவில்லை.

அண்ணாச்சி என்னிடம் வந்தார்.

“ஏலே, ஒன் சத்தியமும் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது அண்ணாச்சி.”

அதற்குப் பிறகுதான் அவர் நுகத்தைத் தூக்கிப் பிடித்தார். நான் மாட்டைப் பூட்டினேன்.